நடக்குமா என்று கேட்காதீர்கள்

எதிர்ப்படுக்கைப் பெண் வந்து சேர்ந்த மூன்றாம் நாள் காலையில்தான் வாயைத் திறந்தாள். அதுவரை என் சக்கர நாற்காலியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மடியில் ஆறு வயதுப் பெண் குழந்தை. முழங்காலுக்குக் கீழே காலிப்பர், அதாவது இரும்புக் கம்பியும் தோல்பட்டையும் பூட்ஸும் சேர்ந்த ஒரு விலங்கு. அவள் என்ன கேட்கப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். ஐம்பது வருஷமாகக் கேட்ட கேள்வி.

"அக்கா, எம்பொண்ணு நல்லா நடந்துருவாளாக்கா?"

பாவம், அவள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கேள்விதான் எனக்கு ஆகாது. "அப்புறம் சொல்றேம்மா" என்று திரும்பிக்கொண்டேன்.

நான் இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்திருப்பது ஒரு புண்ணுக்காக. நாற்காலியிலேயே உட்கார்ந்து காலம் தள்ளுகிறவர்களுக்கு இடுப்புக்குக் கீழே வரும் புண். உணர்ச்சி இல்லாத தோல், அழுத்தினால் வலிக்காது. வலிக்காததால் நாம் நகர மாட்டோம், நகராததால் அந்த இடத்தில் ரத்தம் ஓடாமல் சதை அழுகிவிடும். ஆறு வாரம் குப்புறப் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு முடிந்துவிட்டது, புண் மூடிக்கொண்டு வருகிறது. குப்புறப் படுத்தவளுக்கு எழுதுவதைத் தவிர வேறு என்ன வேலை? அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய பதிலை முதலில் எழுதிப் பார்க்கிறேன்.

பூதலூருக்கு இரண்டு மைல் தள்ளி எங்கள் ஊர். பிறக்கும்போதே என் கீழ்முதுகில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். கைக்குழந்தையாக இருந்தபோதே அறுத்துத் தைத்துவிட்டார்கள். முதுகெலும்புக்குள்ளே நரம்பு ஓடுகிற குழாய், கருவிலேயே மூட வேண்டியது, எனக்குக் கீழ்க்கோடியில் சரியாக மூடவில்லை. டாக்டர் ஒருவர் அப்பாவுக்கு இதை எங்கள் ஊர்ப் பாஷையிலேயே சொன்னார்: "மேமடைக்குத் தண்ணி பாயுது. கடைமடைக்குப் போய்ச் சேரல, அவ்வளவுதான்." என் கடைமடை, கால்கள். கூடவே மூத்திரப்பையும். மூத்திரம் வருவது எனக்குத் தெரியாது. துணி நனைந்த பிறகு நாற்றத்தில்தான் தெரியும். இதை எழுதக் கூச்சப்படும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

அப்பா பண்ணையாள் மகன். மிராசுதார் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவர். பிறகு சங்கம் வந்தது, கூலி கேட்டு வேலைநிறுத்தம் வந்தது, அறுப்புக்கு வெளியூர் ஆட்கள் வந்தார்கள், அவர்களுக்குக் காவலாகப் போலீஸ் வேன் வந்தது. சென்னையில் ஏழை எளியவர் ஆட்சி என்றார்கள், எங்கள் வயல்வெளியில் லத்திதான் பேசியது. அப்பாவின் இடது காதுக்குப் பின்னால் அதன் தழும்பு சாகும்வரை இருந்தது. அப்படிப்பட்ட மனிதர் தன் மகளுக்குத் தமிழரசி என்று பெயர் வைத்து, சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று நினைத்ததில் என்ன தப்பு? தப்பு என்னவென்றால், எனக்கு அந்தக் கால் இல்லை.

ஆறு வயதில் காலிப்பர் போட்டார்கள். கக்கத்தில் இரண்டு கட்டை. கட்டைகளை முன்னால் ஊன்றி, உடம்பு முழுவதையும் தோளில் தூக்கி, கால்களை வீசி முன்னே போட வேண்டும். பார்ப்பவர்களுக்குத்தான் அது நடை. என் வரைக்கும் அது தோளும் கையும் செய்த கூலி வேலை. எங்கள் தெருவிலிருந்து ரோட்டுக்கு வயல் வரப்பைத் தவிர வேறு வழி கிடையாது. வரப்பு மிராசுதாருடையது. இரண்டு பக்கமும் அவர் ஆட்கள் வருஷாவருஷம் மண்வெட்டியால் கொத்திக் கொத்தி ஒரு சாண் அகலத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கட்டை நுனி சேற்றில் புதையும். பிடுங்கி ஊன்றுவதற்குள் மூச்சு வாங்கும். பள்ளிக்கூடம் போய்ச் சேரும்போது சட்டை பிழிந்தால் தண்ணீர் சொட்டும், கை நடுங்கிப் பலப்பம் பிடிக்க வராது. முதல் மணி அடித்ததும் தலையைக் கவிழ்ப்பேன். நான் அஞ்சாம் வகுப்பைப் பாதி படித்தேன், பாதி தூங்கினேன்.

ஊர் மட்டும் மெச்சியது. "மாரிமுத்து பொண்ணு என்னமா நடக்குது பாரு!" இந்தப் பாராட்டைப் போல அருவருப்பான ஒன்றை நான் வாழ்க்கையில் பார்க்கவில்லை. அதைக் கேட்டு அப்பா மீசையை நீவுவார். நான் இன்னும் நாலு எட்டு கூடுதலாக எடுத்து வைப்பேன்.

அஞ்சாவது முடிந்ததும் வாத்தியார் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஆறாவதுக்குப் பூதலூர்தான் போகணும். இங்க வர்றதுக்கே தூங்கி விழுறா. ரெண்டு மைல் எப்படிப் போவா? நிறுத்திடுங்க." அப்பா, "நடந்துருவா சார்" என்றார். நடந்துவிடுவேன் என்று நானும் நினைத்தேன். அந்தக் கோடை விடுமுறையில் தினமும் ரோடுவரை நடந்து பழகினேன்.

ஒருநாள் என் பூட்ஸுக்குள் ஒரு நத்தை ஓடு விழுந்திருக்கிறது. வரப்பில் கிடப்பதுதான், நகக்கண் அளவு. அதோடு இரண்டு நாள் நடந்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் அம்மா பூட்ஸைக் கழற்றியபோது வீட்டில் இருந்த அத்தனை பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். குதிகாலில் சோழி போகும் அளவுக்கு ஓட்டை. அதற்குள் அந்த ஓடு.

தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுத மாட்டேன். அன்றைக்கு எல்லாம் அப்படித்தான் இருந்தன. வெளிநோயாளிப் பிரிவில் காலையில் உட்கார்ந்தால் மத்தியானம் பெயர் கூப்பிடுவார்கள். பெஞ்சில் எனக்கு இருபக்கமும் இடம் காலியாக இருக்கும். நாற்றம். அம்மா என்னை ஒட்டி உட்கார்ந்து தன் முந்தானையை என் மடிமேல் போட்டுக்கொள்வாள், நாற்றம் தன்னுடையது என்பதுபோல. எக்ஸ்ரே உறையை வைத்து விசிறுவாள். அது நடவுக்காலம். ஊரில் பெண்கள் எல்லாம் வயலில் நிற்க, அம்மா வார்டில் என் படுக்கைக்குக் கீழே பாய் விரித்துக் கிடந்தாள். ஒரு நாள்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. மற்றவர்கள் எழுந்திருக்கும் முன்பே என் துணிகளைக் குழாயடியில் அலசி, பாதி ஈரத்தோடு தன் வயிற்றில் சுற்றி உலர்த்திக்கொள்வாள். வெளியே காயப்போட்டால் ஆயா சத்தம் போடுவார்.

சோதனைகள். கை நரம்பில் சாயம் ஏற்றிச் சிறுநீரகத்தைப் படம் எடுத்தார்கள். வெளியே போக வேண்டிய மூத்திரம் தேங்கி மேலே ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கிறதா என்று பார்ப்பதற்காம். உடம்பு முழுக்க வெந்நீர் பாய்ந்த மாதிரி இருந்தது, இடுப்புக்கு மேலே மட்டும். இன்னொரு நாள் பெரிய டாக்டர் பத்துப் பன்னிரண்டு மாணவர்களோடு வந்து, கேட்காமல் கொள்ளாமல் என் பாவாடையைத் தூக்கி முதுகைக் காட்டினார். ஒருவர் பின் ஒருவராக ஊசியால் பாதத்தில் குத்தி, "தெரியுதா? தெரியுதா?" என்றார்கள். பாதத்தில் தெரியவில்லை. முகத்தில் தெரிந்தது. பத்து வயதுப் பெண்ணுக்கு வெட்கம் என்று ஒன்று உண்டு என்பதை அந்தப் பாடத்தில் யாரும் சேர்க்கவில்லை.

புண் ஆறத் தொடங்கியதும் உடற்பயிற்சி அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் ஸ்டெல்லா அம்மா. முப்பது வயதிருக்கும். சிரிக்கவே மாட்டார். "நல்லா நடக்குறியே" என்று சொல்லாத முதல் ஆள். பாதத்தில் கனமாகப் பஞ்சு வைத்துக் கட்டி, ஒரே ஒரு தரம் தாழ்வாரத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து வரச் சொன்னார். மணிக்கட்டில் விரல் வைத்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். உட்கார்ந்திருக்கும்போது எண்பத்தெட்டு. நடந்து வந்த பிறகு நூற்று எழுபத்திரண்டு. நான் போய்வருவதற்குள் ஆயா மூன்று தரம் வாளியில் தண்ணீர் சுமந்து முடித்திருந்தார். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

ஓய்வெடுக்க விட்டு, ஒரு சக்கர நாற்காலியைக் கொண்டுவந்தார். வார்டில் பிணத்துக்கும் நோயாளிக்கும் பொதுவாக இருந்தது அது. ஒரு சக்கரம் கிறீச்சிட்டது, இருக்கையில் யாருடைய ரத்தமோ காய்ந்திருந்தது. அதே தாழ்வாரம். நானே கையால் தள்ளிப் போய் வந்தேன். ஆயாவின் ஒரு வாளி நிரம்புவதற்குள் வந்துவிட்டேன். நூற்றுப் பதினாறு.

"இன்னொரு தரம் போகட்டுமா சிஸ்டர்?" என்று கேட்டேன். நடந்து முடித்து ஒருநாளும் நான் அப்படிக் கேட்டதில்லை.

மாலையில் அப்பா வந்தபோது ஸ்டெல்லா அம்மா நாடியை எண்ணி எழுதிவைத்திருந்த தாளைக் காட்டினார். "நாடி எவ்வளவு வேகமா அடிக்குதோ, உடம்பு அவ்வளவு உழைக்குதுன்னு அர்த்தம். இவ நடக்குறது நீங்க நெல்லு மூட்டையச் சுமந்துக்கிட்டு ஓடுற மாதிரி. தினம் ரெண்டு மைல் மூட்டை சுமந்துட்டு அப்புறம் எங்க படிக்கிறது? வீட்டுக்குள்ள நடக்கட்டும். பள்ளிக்கூடத்துக்கு நாற்காலி வேணும். பூதலூருக்குத் தார் ரோடுதானே?"

அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீங்க எண்ணி நீங்க எழுதுனதும்மா இது" என்றார்.

அவரைத் தெரியாதவர்களுக்கு இது திமிர் மாதிரிதான் இருக்கும். எங்கள் ஊர்ப் பண்ணையில் நெல்லை அளந்து வாங்க ஒரு மரக்கால், கூலி அளக்க ஒரு மரக்கால் இருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்று. அப்பாதான் ஒரு அறுப்பில் இரண்டையும் களத்தின் நடுவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒன்றில் இருந்த நெல்லை மற்றதில் கொட்டிக் காட்டினார். நெல் வழிந்து தரையில் கொட்டியது. அன்றிலிருந்து கூலி அளக்கும்போது கூடவே நின்று எண்ணுவது அப்பாவின் பொறுப்பு. களத்தில் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், லாபம் என்பார்கள். "லாபம், ரெண்டு, மூணு..." அந்தக் குரல் எங்கள் தெருவரை கேட்கும். அடுத்தவன் எண்ணிக்கை எதையும் அவர் நம்பியதில்லை. கணக்கப்பிள்ளை எழுதியதை நம்பாத அதே கண்ணால்தான் ஸ்டெல்லா அம்மா எழுதியதையும் பார்த்தார்.

"வண்டியில ஒருதரம் உக்காந்தா எறங்க மாட்டா சிஸ்டர். நொண்டின்னு முத்திரை குத்திடுவானுங்க. எம்பொண்ணு நடக்கும்."

ஆனாலும் ஸ்டெல்லா அம்மா என் பெயரைக் கொடுத்துவிட்டார். ஊனமுற்ற குழந்தைகளுக்கு மைதானத்தில் விழா, பதினைந்து நாற்காலிகள் வழங்கப்போகிறார்கள். கிடைத்தால் பூதலூர்ப் பள்ளிக்கூடம். கிடைக்காவிட்டால் மாட்டைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு. எனக்கு அது தெளிவாகத் தெரிந்திருந்தது.

விழா நான்கு மணிக்கு. எங்களைக் காலை பத்து மணிக்கே கொண்டுபோய் வெயிலில் உட்கார வைத்தார்கள். மேடைக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு நாலு மடங்கு உயரமான கட்டவுட்டுகள். அவற்றின் நிழல் விழுந்த இடத்தில் கட்சிக்காரர்கள் நாற்காலி போட்டுக்கொண்டார்கள். குழந்தைகளில் பாதிப் பேர் என்னைப் போல நனைந்துவிட்டார்கள். கரைவேட்டி கட்டிய ஒருவர் வாசனைத் திரவியத்தை எங்கள்மேல் பீச்சிக்கொண்டே போனார், மாட்டுக்கு மருந்து அடிக்கிற மாதிரி. மூத்திரமும் அந்த மல்லிகை நெடியும் கலந்த நாற்றம் இதை எழுதும்போதுகூட மூக்கில் ஏறுகிறது.

பதினைந்து நாற்காலிகளும் மேடைமேல் ரிப்பன் கட்டி நின்றன. கீழே இருக்கும் பிள்ளைகளை எப்படி மேலே ஏற்றுவது என்று யாரும் யோசிக்கவில்லை. பிறகுதான் யோசித்தார்கள். கரைவேட்டிக்காரர் எங்கள் வரிசையைப் பார்த்துக் கேட்டார்: "தூக்கிட்டுப் போனா படத்துல நல்லா இருக்காது. இதுல நடக்குறது எதாச்சும் இருக்கா? முதல்ல அத அனுப்புவோம்."

அப்பா எழுந்து நின்றார். "எம்பொண்ணு நடக்குங்க! நல்லா நடக்கும்!"

ஆறு படி. ஒவ்வொரு படிக்கும் கட்டையை மேலே வைத்து, கம்பியைப் பிடித்து, உடம்பைத் தூக்கினேன். மேடைக்கு வந்ததும் கைதட்டல். வந்திருந்த பெரிய மனிதர் இரண்டு கையையும் நீட்டினார். பெரியவர்களிடம் எதையும் இரண்டு கையால் வாங்க வேண்டும், கும்பிட வேண்டும். என் இரண்டு கையும் கட்டையில். "கும்பிடு பாப்பா, கும்பிடு" என்று பின்னாலிருந்து யாரோ கிசுகிசுத்தார். ஒரு கட்டையை விட்டேன். அது சத்தத்தோடு விழுந்தது. அதற்கும் கைதட்டினார்கள். பெரிய மனிதர் ஒலிபெருக்கியில் சொன்னார்: "இந்தக் குழந்தை நடக்கிறது! இது குழந்தையின் நடை அல்ல, இந்த ஆட்சியின் வெற்றி நடை!"

படம் எடுத்தார்கள். நாற்காலியின் கைப்பிடியில் என் கையை வைத்து இன்னொரு படம். அடுத்து என்னைப் பின்படி வழியாக இறக்கிவிட்டார்கள். நாற்காலி வரவில்லை. அப்பா ஓடிப்போய்க் கேட்டார். பட்டியல் வைத்திருந்த எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நடக்க முடியாத பிள்ளைங்களுக்குத்தான்யா நாற்காலி. உம்பொண்ணு நடக்குதுன்னு நீயேதானே கத்துன?"

நான் மேடைக்குப் பின்னால் ஒரு மணல் குவியலில் விழுந்து கிடந்தேன். மூச்சு ஏறவில்லை. வாயில் கசப்புத் தண்ணீர் வந்தது. அழக்கூடத் தெம்பு இல்லை. அப்பா வந்து, "எந்திரி பாப்பா" என்று மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். இழுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். விரலுக்கு அடியில் ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. மணலில் உட்கார்ந்தார். ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே, மறு கையைத் தன் கழுத்தில் வைத்துக்கொண்டார். இரண்டு மரக்காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த மாதிரி.

"லாபம்," என்றார். "ரெண்டு. மூணு. நாலு..."

எதை எண்ணுகிறார் என்று முதலில் புரியவில்லை. என்னுடையதை எண்ணிக்கொண்டே தன்னுடையதற்குத் தலையசைத்தார். மேடையில் அடுத்த குழந்தையின் பெயரை வாசித்தார்கள். அப்பா முதலில் இருந்து மறுபடி எண்ணினார். மூன்றாம் முறையும் எண்ணினார். அவருடையது ஒன்று அடிப்பதற்குள் என்னுடையது இரண்டு அடித்து மூன்றாவதற்கு வந்துவிட்டது.

"இவ்வளவு நாளும் இப்படியா அடிச்சிச்சு?" என்று கேட்டார். "ஏன்டி சொல்லல?"

"நீங்க நடக்கச் சொன்னீங்க."

அவர் குனிந்து என் பூட்ஸைக் கழற்றினார். கட்டு முழுக்க ரத்தம். ஆறி வந்த புண் திறந்துகொண்டிருந்தது. பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே விரலை விட்டுத் தடவித் தடவிப் பார்த்தார், எங்கே நத்தை ஓடு இருக்கிறது என்பதுபோல. பிறகு என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். காலிப்பரை ஒரு கையில் தூக்கிக்கொண்டு வந்தார். எனக்குப் பக்கத்தில் அவர் காது. அந்தத் தழும்பு நனைந்திருந்தது. வியர்வை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

மறுநாள் ஸ்டெல்லா அம்மா ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார். பெற்றோர் தம் கைப்பட எழுதிக் கொடுத்தால் மறுபடி முயற்சி செய்யலாம். அப்பா சங்கத்தில் படித்த எழுத்து. கட்டிலில் தாளை வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார்: என் மகள் தமிழரசியால் நடக்க முடியாது. எழுதி முடித்து, வாசித்துக் காட்டச் சொன்னார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. நான் வாசித்தேன். போலீஸ் லத்திக்கு அழாத மனிதர், வார்டு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, வாய்விட்டு அழுதார்.

நாற்காலி வர மாசங்கள் ஆயின. வந்தது வரப்பில் உருளவில்லை. அந்த அறுப்பில் சங்கம் வைத்த முதல் கோரிக்கை கூலி அல்ல. வரப்பை இரண்டு முழம் அகலமாக்க வேண்டும் என்பது. பண்ணைக் காரியஸ்தர் பத்திரிகையில் வந்திருந்த என் படத்தைக் காட்டி, "நடக்குற பொண்ணுக்கு எதுக்குய்யா ரோடு?" என்று சிரித்தாராம். அப்பா களத்தின் நடுவில் நின்று, அத்தனை ஆட்கள் முன்னால், "எம்பொண்ணு நடக்காதுங்க" என்றாராம். நாலு நாள் அறுப்பு நின்றது. ஐந்தாம் நாள் மண்வெட்டிகள் வந்தன. நான் பூதலூரில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன். வகுப்பில் ஒருநாளும் தூங்கவில்லை.

இதுவரை எழுதியதைப் படித்துக்காட்டலாம் என்று தலையைத் திருப்பினால், எதிர்ப்படுக்கைப் பெண் தன் குழந்தையைத் தாழ்வாரத்தில் நடக்க வைத்துக்கொண்டிருந்தாள். "இன்னும் நாலு எட்டு, எங்கண்ணுல்ல!" குழந்தை முகம் செக்கச் சிவந்து, உதடு வெளுத்து வந்தது. பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கைதட்டினார்கள்.

"இங்க தூக்கிட்டு வா" என்றேன். வந்தாள். அவள் விரல்களைப் பிடித்துக் குழந்தையின் மணிக்கட்டில் வைத்தேன். "மறு கைய உன் கழுத்துல வையி. ரெண்டையும் சேத்து எண்ணு."

"எதுக்குக்கா?"

"எண்ணும்மா."

அவள் எண்ணத் தொடங்கினாள். பத்துக்குள் குரல் தடுமாறியது. இருபதில் நிறுத்திவிட்டாள். குழந்தையைப் பார்த்தாள். பிறகு சுவரோரம் நின்ற என் நாற்காலியைப் பார்த்தாள்.

"அத கொஞ்சம் எடுத்துக்கட்டுமாக்கா?" என்று கேட்டாள்.